கடலோர ஊரில் கண் மையம்: இங்கேயே பார்ப்பது எது, உடனே அனுப்புவது எது

இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் 55 கிலோமீட்டர். மதுரை அதற்கும் அப்பால் நூறு கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடிப் பவர் பார்க்கவும், கண் பிரஷர் அளக்கவும், புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்துக் காட்டவும் ஒருவர் இவ்வளவு தூரம் போய்வந்தால் அவர் கூலியும் போச்சு, துணைக்கு வந்தவர் கூலியும் போச்சு. அங்கே ஆஸ்பத்திரியிலோ, முள் குத்திக் கருவிழிப் புண்ணோடு வந்தவர் இவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார். திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய பரிசோதனைகளை ஊரிலேயே ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையும் பவரும் பார்க்கப் படித்தவர், டாக்டர் அல்ல) பார்த்துவிட்டால் இரண்டு பக்கமும் பாரம் குறையும்.

இது புதிய யோசனையும் அல்ல. ஸ்காட்லாந்தில் 2006 முதல் இலவசக் கண் பரிசோதனை ஊர்க் கண்ணாடிக் கடைகளிலேயே நடக்கிறது. நம் நாட்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் நிறுவனமும் இப்படிப்பட்ட பார்வை மையங்களைப் பல ஆண்டுகளாக நடத்துகின்றன. ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் கூடுதல் பயிற்சியும் தகுதியும் பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் மருந்தும் எழுதலாம். இங்கே மருந்துச் சீட்டு டாக்டருடையதாகத்தான் இருக்க வேண்டும். அதனால் மீனவர் சங்கமோ, ஜமாத்தோ, பங்குத் தேவாலயமோ, கண்ணாடிக் கடைக்காரரோ யார் தொடங்கினாலும், முதலில் வாங்க வேண்டியது கருவி அல்ல. தினமும் குறித்த நேரத்தில் போனை எடுக்கும் ஒரு கண் டாக்டரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். அது கிடைக்காமல் ஸ்லிட் லாம்ப் (ஒளிக்கீற்றோடு கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வாங்கினால் அது கடைக்கு அலங்காரம், அவ்வளவுதான்.

இடமும் நாளும்

ஒரு மையத்துக்குச் சுமார் 50,000 பேர் என்பது இந்தியாவில் பழகிய கணக்கு. கடற்கரைக் குப்பத்துக்குள் வைப்பதைவிட, பல குப்பத்துக்காரர்கள் பஸ் மாறும் இடத்தில் வையுங்கள்: உச்சிப்புளி, கீழக்கரை, சாயல்குடி, தொண்டி போல. கடலைப் பார்த்த முதல் வரிசைக் கட்டடம் வேண்டாம். வாடகை குறைவு என்று எடுத்துவிட்டு இரண்டே ஆண்டில் லென்ஸ் எல்லாம் பூஞ்சை பிடித்துப் போகும்.

நாள் குறிப்பதில்தான் வெளியூர் அமைப்புகள் சறுக்குகின்றன. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்று முறை வைத்துத் தொழில் நடக்கும் ஊரில் ‘செவ்வாய்தோறும் முகாம்’ என்றால் பாதிப் பேர் எப்போதுமே கடலில்தான் இருப்பார்கள். வாரத்தில் குறைந்தது இரண்டு நாள், ஒவ்வொரு தரப்பும் கரையில் இருக்கும் நாளாகப் பார்த்துத் திறக்க வேண்டும். இரவுத் தொழில் முடித்து வந்தவர் காலை பத்து மணிக்குத் தூங்குவார். அவருக்கு மாலை நாலு மணிதான் சரி. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெள்ளிக்கிழமை நண்பகலை விட்டுவிடுங்கள்.

கருவிகளும் உப்புக் காற்றும்

பார்வைச் சார்ட், ஊசித்துளை வைத்த கண் மறைப்பு, ட்ரயல் செட் (மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் லென்ஸ்கள்), ரெட்டினோஸ்கோப் (ஒளி பாய்ச்சிப் பவர் கணிப்பது), லென்சோமீட்டர் (கண்ணாடியின் பவரை அளப்பது), ஸ்லிட் லாம்ப், பிரஷர் அளக்கும் கருவி, விழித்திரைப் படம் எடுக்கும் கேமரா, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் சாதனம். இவற்றில் கேமரா விலை அதிகம். பணம் பற்றவில்லை என்றால் அதைத் தள்ளிப் போடலாம், ஸ்லிட் லாம்பைத் தள்ளிப் போடக் கூடாது. அது இல்லாமல் கருவிழிப் புண்ணையும் வெறும் சிவப்பையும் பிரித்தறிய முடியாது.

ஆறு மீட்டர் நீள அறை நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. மூன்று மீட்டரில் எல்.இ.டி. சார்ட் வைப்பீர்கள். அதன் அளவைக் கடைக்காரர் சொன்னபடி நம்பாமல் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்: மூன்று மீட்டர் தூரத்துக்கு 6/60 வரி (நல்ல கண் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்கும் பார்வை) எழுத்தின் உயரம் 44 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். ஆறு மீட்டர் அமைப்பிலேயே விட்டுவிட்டால் எழுத்து 87 மில்லிமீட்டர் இருக்கும். பார்வை மங்கியவர்கூட நன்றாகப் படித்துவிடுவார், புரை உங்கள் கையைவிட்டு நழுவிப் போகும்.

உப்பும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை மெதுவானது, ஆனால் நிச்சயமானது. ட்ரயல் லென்ஸ், ரெட்டினோஸ்கோப், விழித்திரை பார்க்கக் கையில் பிடிக்கும் 90 டி லென்ஸ் எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு இருக்க வேண்டும். நிறம் காட்டும் மணிகளாக வாங்கி, நிறம் மாறினால் சூடேற்றி மறுபடி பயன்படுத்துங்கள். ஸ்லிட் லாம்ப், கேமரா மீது துணி உறை போதாது, ஈரம் தங்கும். இரவில் உறைக்குள் ஜெல் பை ஒன்று வையுங்கள். லென்ஸை முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். உப்புத் துகளோடு தேய்த்தால் கீறல் விழும். மாற்று பல்பு ஒன்றும் யு.பி.எஸ். ஒன்றும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

ஒருவர் உள்ளே வந்தால்

வாசலிலேயே ஒரு கேள்வி: கண் சிவந்து பீளை கட்டியிருக்கிறதா? மெட்ராஸ் ஐ போலத் தெரிந்தால் தனி நாற்காலியில் உட்கார வைத்து, கடைசியாகப் பார்த்து, தாடை வைக்கும் இடத்தையும் நெற்றிப் பட்டையையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். காற்று அடித்துப் பிரஷர் அளக்கும் கருவியை அவருக்குப் பயன்படுத்த வேண்டாம். மையமே ஊருக்கு மெட்ராஸ் ஐ பரப்பிய கதை நடக்கக் கூடாது. ஆனால் வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வைக் குறைவு இவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் காத்திருக்கக் கூடாது. முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்கு வரிசை இது: ஒவ்வொரு கண்ணாகத் தூரப் பார்வை, பிறகு ஊசித்துளை வழியாக, பிறகு கிட்டப் பார்வை. ஊசித்துளையில் தெளிந்தால் பெரும்பாலும் பவர் பிரச்சினை. தெளியாவிட்டால் உள்ளே நோய் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேலே பாருங்கள். அடுத்து டார்ச்சில் கண்பாவை சுருங்குவது, ஸ்லிட் லாம்ப், பிரஷர், கடைசியாக விழித்திரை. பவர் பரிசோதனையை இதற்கு முன்பே தொடங்கி அரை மணி நேரம் செலவழித்துவிட்டு, பிறகு புரை என்று கண்டுபிடிப்பது வீண் வேலை.

வலை பின்னும் கண்ணாடி

வெள்ளெழுத்துக் கண்ணாடிதான் மையத்தின் அன்றாட வேலை. நாற்பது கிலோ மீன் கூடையைத் தூக்குகிறவர் ஊசியில் நூல் கோக்க முடியாமல் பேரப்பிள்ளையைக் கூப்பிடுவார். அவருக்குத் தேவை ஒரு ஜோடிக் கண்ணாடி. ஆனால் வயதைக் கேட்டு, பட்டியலைப் பார்த்து, +2.50 கொடுத்து அனுப்பினால் அது மறுநாளே பெட்டிக்குள் போய்விடும்.

வேலை எத்தனை தூரத்தில் நடக்கிறது என்று டேப்பால் அளந்து பாருங்கள். வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்து வைத்துப் பின்னுகிறவருக்குக் கண்ணிலிருந்து 50, 60 சென்டிமீட்டரில் வேலை. நண்டுச் சதை எடுக்கிற, இறால் உரிக்கிற பெண்களுக்கு 35, 40 சென்டிமீட்டர். 100ஐ அந்தத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உச்ச வரம்பு: 40 சென்டிமீட்டருக்கு 2.50, 50க்கு 2.00, 60க்கு ஏறத்தாழ 1.75. அறுபது வயது வலைக்காரருக்கு 2.50 கொடுத்தால் அவர் வலையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டியிருக்கும். 2.00 அல்லது 1.75 போதும். வேத புத்தகமோ குர்ஆனோ படிக்க வேறு பவர் கேட்டால் இன்னொரு ஜோடி கொடுங்கள்.

இரண்டு பாகக் கண்ணாடியைப் படகில் ஏறி இறங்குகிறவருக்கும் பனை ஏறுகிறவருக்கும் கொடுக்க வேண்டாம். கீழ்ப் பாகத்தின் வழியே காலடி மங்கும். படகு விளிம்பில் கால் தவறும். நிக்கல் சேர்ந்த உலோக ஃபிரேம் வியர்வையிலும் உப்பு நீரிலும் பச்சை பிடிக்கும், ஆணி துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் ஃபிரேம், பின்கழுத்துக் கயிறு, லென்ஸ் பாலிகார்பனேட். உப்புக் காய்ந்த கண்ணாடியைக் கைலியில் துடைக்காமல் நல்ல தண்ணீரில் முக்கியெடுக்கச் சொல்லுங்கள். கீறல் விழுந்த கண்ணாடியோடு மூன்றாம் மாதம் திரும்பி வருகிறவர்கள் எல்லாம் இதைச் செய்யாதவர்கள்தான்.

கருவிழி மேல் சதை ஏறுவது இந்தக் கரையில் சாதாரணம். வெயிலும் கடலின் பளபளப்பும் காரணம். கருவிழி ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்று ஸ்லிட் லாம்பில் அளந்து படத்தோடு பதியுங்கள். இரண்டு மில்லிமீட்டருக்குள் நின்று சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு கோணியதற்கான பவர்) மாறாமல் இருந்தால் புற ஊதா தடுக்கும் கறுப்புக் கண்ணாடியும் அகலத் தொப்பியும், ஆறு மாதத்துக்கு ஒரு அளவும் போதும். வளர்ந்துகொண்டே போனாலோ சிலிண்டர் கூடினாலோ அனுப்புங்கள். பழுதுபட்ட இடத்தில் சொந்தக் கண்ணின் மெல்லிய தோலை ஒட்டும் முறையில் எடுத்தால் திரும்ப வளர்வது குறையும், வெறுமே வெட்டி எடுத்தால் பலருக்கும் திரும்ப வரும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

அன்றே அனுப்ப வேண்டியவை

சீமைக் கருவேல முள், மீன் செதில், சுறாமுள், கயிற்று நார், மணல் எல்லாமே கருவிழியைக் கீறும். தாவரப் பொருள் பட்ட காயத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம். அது மெதுவாகப் பரவி கருவிழியைத் துளைக்கும். ஃபுளோரசின் என்னும் சாயம் தோய்ந்த காகிதப் பட்டையை ஈரமாக்கிக் கீழிமையில் தொட்டு, ஸ்லிட் லாம்பில் நீல வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். பச்சையாக ஒளிர்வது கீறல். அதன் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது புண். வெறும் கீறல் என்றால் டாக்டரிடம் போனில் கேட்டு அவர் எழுதும் ஆண்டிபயாட்டிக் களிம்பு. மறுநாள் கட்டாயம் திரும்பப் பார்க்க வேண்டும். வெள்ளை தெரிந்தால் அன்றே அனுப்புங்கள்.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் மையத்துக்கு வரும் முன்பே. மருந்துக் கடையில் ‘சிவப்புக்குச் சொட்டு’ என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த சொட்டு கைக்கு வருகிறது. அது சிவப்பைக் குறைக்கும், கூடவே பூஞ்சைக்கு வழிவிடும். தாய்ப்பால், பச்சிலைச் சாறு விடும் பழக்கமும் இருக்கிறது. திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். என்ன விட்டீர்கள் என்று மெதுவாகக் கேட்டு, பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, அதன் பெயரைச் சீட்டில் எழுதுங்கள். கண்ணைக் கட்டுப்போட்டு மூடவே கூடாது.

வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வை பார்ப்பதும் பெயர் எழுதுவதும் பிறகு. அந்த நிமிடமே சுத்தமான தண்ணீரால் முப்பது நிமிடம் கழுவுங்கள், மேலிமையைப் புரட்டி ஒட்டியிருக்கும் துகளைப் பஞ்சுக் குச்சியால் எடுங்கள், பிறகு அனுப்புங்கள். தூண்டில் முள் குத்தி நின்றால் பிடுங்க வேண்டாம். காகிதக் கோப்பையைக் கண்ணைச் சுற்றிக் கவிழ்த்து நெற்றியோடும் கன்னத்தோடும் டேப் ஒட்டி, கண்ணில் அழுத்தம் படாமல், சாப்பிடாமல் அனுப்புங்கள், ஆபரேஷன் தேவைப்படலாம்.

திடீரென்று பார்வை போனது, கண்ணில் மின்னல் வெட்டி ஒரு பக்கம் திரை விழுவது, தலைவலி வாந்தியோடு சிவந்து கல் போல் இறுகிய கண், குழந்தையின் கண்பாவை வெள்ளையாகத் தெரிவது. இவை எல்லாம் வேறு வேறு நோய். மையத்தின் பதில் ஒன்றுதான், இன்றே வண்டி ஏற்றுவது.

புரையும் தடைக்காலமும்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. புரை ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்து போடுவதும் தண்ணீரில் இறங்காமல் இருப்பதும் நாலு முதல் ஆறு வாரம். இரண்டு கணக்கும் பொருந்துகின்றன. மார்ச்சில் பரிசோதனையை முடித்து, தடை தொடங்கிய முதல் பத்து நாளுக்குள் ஆபரேஷன் நடக்கும்படி ஆஸ்பத்திரியோடு பேசி வையுங்கள். மே மாதம் அனுப்பினால் படகு இறங்கும் நாளில் அவர் சொட்டை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார்.

அனுப்பும் முன் மையத்திலேயே ஒரு சோதனை: கண்ணின் உள்மூலையில், மூக்கோரம், விரலால் அழுத்துங்கள். சீழோ கோழையோ மேலே வந்தால் கண்ணீர்ப் பையில் அடைப்பு. ஆபரேஷன் அன்றைக்கு அதைக் கண்டுபிடித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் எகிறியிருந்தாலும் அதே கதைதான். முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அனுப்பினால் ஒரு பயணம் மிச்சம். ஊசித்துளையிலும் 6/18க்கு மேல் ஏறாத கண்ணைத்தான் அனுப்புவது என்று பிடிவாதம் வேண்டாம். இரவில் சுக்கான் பிடிக்கிறவருக்கு 6/12 இருந்தாலும் எதிர்ப்படகு விளக்கு சிதறித் தெரிந்தால் அது தொழில் ஆபத்து.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் சோதனை ஆஸ்பத்திரியிலேயே நடக்கட்டும். ஒரு மாதச் சோதனையை மையம் ஏற்கலாம்: பார்வை, ஊசித்துளை, ஸ்லிட் லாம்ப், பிரஷர், புதிய பவர். பிரஷரை விட்டுவிடாதீர்கள், சிலருக்கு ஸ்டீராய்டு சொட்டே பிரஷரை ஏற்றிவிடும். நடுவில் எந்த நாளானாலும் வலி, கூடும் சிவப்பு, கிடைத்த பார்வை மறுபடி மங்குவது என்றால் உள்கண் தொற்றாக இருக்கலாம். மணிக் கணக்கில் கண் போய்விடும், இரவென்றாலும் அனுப்புங்கள். நோன்பு மாதத்தில் சொட்டு விட்டால் நோன்பு முறியும் என்று நினைத்துப் பகல் முழுதும் நிறுத்துகிறவர்கள் உண்டு. நோன்புக்கு முன்பே ஊர் ஆலிமிடம் பேசி அவர் வாயாலேயே விளக்கம் சொல்ல வையுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி உள்மூலையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் தொண்டைக்கு இறங்குவதும் குறையும்.

சர்க்கரையும் கண் பிரஷரும்

சர்க்கரைக்காரர் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் பெண்களிடமும் இருக்கிறது. அவர்களோடு சேர்ந்தால் ஆள் தேடி அலைய வேண்டாம். கண்ணில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு விழித்திரைப் படம்: ஒன்று மஞ்சள் புள்ளி (கூர்மையாகப் பார்க்கும் இடம்) நடுவில், ஒன்று நரம்பு வட்டு (பார்வை நரம்பு கண்ணில் சேரும் இடம்) நடுவில். படம் மங்கினால் ‘நார்மல்’ என்று எழுதாதீர்கள். படிக்க முடியாத படமும் அனுப்ப வேண்டிய காரணம்தான். பெரும்பாலும் உள்ளே புரை இருக்கும்.

கண்பாவையை விரிக்கும் சொட்டு விடும் முன் ஸ்லிட் லாம்பின் ஒளிக்கீற்றைக் கருவிழி ஓரத்தில் சாய்த்துப் பாருங்கள். கருவிழிக்கும் ஐரிஸுக்கும் (கண்பாவையைச் சுற்றிய நிற வளையம்) இடையிலான இருட்டு, கருவிழித் தடிப்பில் கால் பங்கோ அதற்குக் குறைவோ இருந்தால் சொட்டு வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். சொட்டு விட்டவர் அன்று பைக் ஓட்டக் கூடாது. வெயிலில் பாம்பன் பாலத்தில் கண் கூசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கண் பிரஷர் 21 மில்லிமீட்டருக்கு (பாதரச அளவு) மேல் என்றால் வேறொரு நாள் வேறொரு நேரத்தில் மீண்டும் அளந்து, நேரத்தையும் எழுதுங்கள். 21க்குள் இருந்தாலும் நரம்பு வட்டின் குழி வட்டின் அளவில் 0.6 பங்கைத் தாண்டினாலோ, இரு கண்ணுக்கும் 0.2 வித்தியாசம் இருந்தாலோ அனுப்புங்கள்; எண் ஒன்றை மட்டும் நம்பியவர்கள் தவறவிட்ட கண்கள் நிறைய. டாக்டர் கண் அழுத்த நோயை (கிளாகோமா) உறுதிசெய்து, எந்த அளவுக்குக் கீழே பிரஷர் இருக்க வேண்டும் என்று சீட்டில் எழுதித் தந்த பிறகு, நிலையாக இருப்பவர்களை மையமே தொடரலாம். பிரஷரைக் குறைக்கும் டிமோலால் சொட்டுப் போடுகிறவரிடம் மூச்சு இழுப்பு (ஆஸ்துமா) உண்டா என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.

சீட்டு போய்த் திரும்பி வர வேண்டும்

மையம் பலிக்குமா என்பதை இந்தத் தாள்தான் தீர்மானிக்கும். ‘கண் டாக்டரைப் பார்க்கவும்’ என்று எழுதிய சீட்டு குப்பைக்குச் சமம். பார்வை, ஊசித்துளைப் பார்வை, பிரஷரும் அளந்த நேரமும், என்ன கண்டீர்கள், ஏன் அனுப்புகிறீர்கள், இன்றா இந்த வாரமா இந்த மாதமா, எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவு, எந்தக் கிழமை. கீழே பாதியை டாக்டர் நிரப்பித் தரும்படி வெற்றாக விடுங்கள்.

பதிவேட்டில் ‘அனுப்பியது’ பக்கத்தில் ‘சேர்ந்தாரா’ என்று ஒரு கட்டம் போடுங்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் ஊரில் தகப்பன் பெயரும் தெருவும் சேர்த்து எழுதாவிட்டால் படம் ஒருவருடையது, பதில் இன்னொருவருக்குப் போகும். போன் நம்பர் வீட்டிலிருக்கும் பெண்ணுடையதாக இருக்கட்டும். கடலில் இருக்கிறவர் போன் எடுக்காது. இன்றே அனுப்பியவருக்கு அன்று மாலையே போன், இந்த வாரம் என்றவருக்கு சனிக்கிழமை. சேரவில்லை என்றால் காரணத்தைக் கேட்டு எழுதுங்கள்: துணை இல்லை, பஸ் காசு இல்லை, பயம், படகு இறங்கிவிட்டது. துணை இல்லாதவர்கள் மூன்று நாலு பேரை ஒரே நாளில் சேர்த்து, வழி தெரிந்த ஒருவரோடு இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதல் பஸ்ஸில் அனுப்பினால் பாதிக் காரணங்கள் தீர்ந்துவிடும். அந்த ஒருவரே மாலையில் டாக்டர் நிரப்பிய பாதிச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.